வேலிச் சங்குப்பூவில் ஜெல்லி: பறிப்பது முதல் பாட்டிலில் அடைப்பது வரை

முதல் தடவை நான் செய்த சங்குப்பூ ஜெல்லி, ஜெல்லியாகவே வரவில்லை. பூவைக் கொதிநீரில் போட்டு நீலச் சாறு எடுத்தேன். சர்க்கரையைக் கொட்டி, எலுமிச்சை பிழிந்து, இதோ இறுகிவிடும் என்று 40 நிமிடம் அடுப்பருகே நின்று கிண்டினேன். ஆறியதும் கரண்டி பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கமர்கட்டுக்கு ஊதா நிறம் பூசிய மாதிரி ஒரு பண்டம். பாத்திரத்தை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் மீட்டேன்.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. ஜெல்லி இறுகுவதற்குப் பெக்டின் (பழங்களில் இயல்பாகவே இருக்கும், சாற்றை இறுகவைக்கும் பொருள்), புளிப்பு, சர்க்கரை மூன்றும் சேர வேண்டும். பூவில் இந்த மூன்றில் எதுவும் சொல்லும்படியாக இல்லை. அது தருவது நிறம். சில பூக்கள் மணமும் தரும். கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பேர் அவருடையது, ஓடியாடி வேலை செய்வது மற்றவர்கள்.

மேலைநாட்டுச் செய்முறைகளில் டேன்டெலியன், வயலட் போன்ற பூக்களைப் பறித்து ஜெல்லி செய்வார்கள். அவற்றில் பெரும்பாலும் ஒரு பாக்கெட் பெக்டின் பொடி சேர்க்கச் சொல்லியிருக்கும். நம் தெரு மளிகைக்கடையில் பெக்டின் கேட்டால் மருந்துக்கடைக்குப் போகச் சொல்வார்கள். கவலை வேண்டாம், பெக்டின் நிறைந்த பழம் ஒன்று தள்ளுவண்டியிலேயே கிடைக்கிறது: கொய்யா. ஆக, இந்த வழிகாட்டியில் பாதி கொய்யாவைப் பற்றியதாகவே இருக்கும்.

பூ பறிக்கும் முன்

சங்குப்பூவைத் தெரியாதவர்கள் குறைவு. காக்கணம் என்றும் சில ஊர்களில் சொல்வார்கள். சங்க இலக்கியத்தில் நீலத்துக்குக் கருவிளை, வெள்ளைக்குச் செருவிளை என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. வெள்ளைப் பூவில் நமக்கு வேண்டிய நிறம் வராது, அதை விட்டுவிடுங்கள். அடுக்குச் சங்குப்பூ கிடைத்தால் பாதி எண்ணிக்கையே போதும்.

தெரிந்த பூதான் என்றாலும் அடையாளத்தைச் சரிபாருங்கள். ஒரே பெரிய நீல இதழ் சிப்பி போல விரிந்து, நடுவில் வெளிறிய மஞ்சள் அல்லது வெள்ளை இருக்கும். ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள். காய் தட்டையான அவரை போலத் தொங்கும். புனல் வடிவப் பூவும் இதய வடிவ இலையும் கொண்ட நீலக்கொடி வேறு இனம், தொடாதீர்கள். குன்றிமணிக் கொடியும் இதே வேலியில் பின்னிக்கொண்டு வளரும். அதன் விதை கடும் விஷம். அதனால் கொடியோடு இழுக்காமல் ஒவ்வொரு பூவாகக் கிள்ளிப் பறிப்பதே நல்லது.

"சாமிக்குச் சாத்தும் பூதானே, சாப்பிட்டால் என்ன" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது ஆபத்து. அரளி மாலை இல்லாத கோயில் இல்லை, ஆனால் அரளி இதயத்தைத் தாக்கும் விஷம். 2024 மே மாதத்தில் கேரளத்தின் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்தின. எருக்கும் ஊமத்தையும் அப்படித்தான். நம் மாநில மலரான செங்காந்தள் அழகுக்கு மட்டுமே. வேலியோரம் வளரும் உண்ணிச்செடி, நித்தியகல்யாணி எதுவும் சமையலறைக்குள் வரக்கூடாது. ஒரு பூவைப் பற்றித் துளி சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள்.

இடமும் முக்கியம். நெடுஞ்சாலையோரம், மருந்தடிக்கும் வயல் வரப்பு, களைக்கொல்லி தெளிக்கும் ரயில் பாதை, தெருநாய் கால் தூக்கும் உயரம், இவை நான்கும் வேண்டாம். பூச்சந்தையில் வாங்கிய பூவும் வேண்டாம். அது சாப்பிடுவதற்காக வளர்த்ததல்ல. அடுத்த வீட்டு வேலி என்றால் கேட்டுவிட்டுப் பறியுங்கள். விடிகாலையில் கையில் பையோடு பிறர் வீட்டுப் பூவைக் காலி செய்யும் மாமாக்களின் வரிசையில் நாமும் சேர வேண்டாம்.

சங்குப்பூவின் ஆயுள் ஒரு பகல்தான், சாயங்காலம் சுருண்டுவிடும். காலையில் பனி காய்ந்ததும் பறிப்பது உத்தமம். ஒரே நாளில் 60 பூ கிடைக்காவிட்டால், கிடைத்ததை நிழலில் உலர்த்தி டப்பாவில் சேர்த்து வாருங்கள். காய்ந்த பூவும் நன்றாகவே நிறம் தரும். பறிக்கப் பறிக்கக் கொடி மேலும் பூக்கும்.

கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. மற்றவர்களும் முதல் தடவை ஒரு ஸ்பூனோடு நிறுத்திப் பார்க்கலாம். விதையும் வேரும் பேதியாகும் சரக்கு, எனவே பிஞ்சுக் காய்கூட கலக்காமல் பூ இதழை மட்டும் எடுங்கள்.

தேவையானவை

250 மில்லி பாட்டில் இரண்டும், உடனே ருசி பார்க்க ஒரு சின்னக் கிண்ணமும் நிறையும் அளவு இது:

- புதிய சங்குப்பூ 60
- கொய்யா 1 கிலோ
- வெள்ளைச் சர்க்கரை 500 கிராம்
- எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி
- வடிகட்டிய குடிநீர்

குடிநீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பும் காரத்தன்மையும் பூவின் நிறத்தை மாற்றும். எனக்கு ஒருமுறை பாசி பிடித்த பச்சையில் வந்தது. பாத்திரம் எவர்சில்வராக, அகலமாக, அடி கனமாக இருக்கட்டும். அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை இவற்றில் புளிப்பைக் காய்ச்சக்கூடாது.

நாட்டுச் சர்க்கரை போடலாமா என்று எப்படியும் கேட்பீர்கள். போடலாம், ஆனால் நீலமும் ஊதாவும் அந்தப் பழுப்பில் மூழ்கிவிடும். வெல்லம் காய்ச்சும்போது அழுக்கெடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள், அதுவும் புளிப்பைக் குறைக்கும். சர்க்கரையின் அளவைக் குறைப்பதும் சரிப்படாது. முடிவில் ஜெல்லியில் நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருந்தால்தான் அது இறுகும், கெடாமலும் இருக்கும். சர்க்கரை குறைவாக வேண்டும் என்பவர்கள் நேரே கடைசியில் வரும் கடல்பாசி (அகர்) பகுதிக்குப் போய்விடுங்கள்.

முதல் நாள்: கொய்யாச் சாறு

நன்றாகப் பழுத்துக் குழைந்த கொய்யாவில் பெக்டின் குறைந்துவிடும். முக்கால் கிலோ செங்காயாகவும், மணத்துக்காகக் கால் கிலோ பழமாகவும் வாங்குங்கள். உள்ளே வெள்ளையாக இருக்கும் ரகம்தான் வேண்டும். சிவப்புக் கொய்யா பூவின் நிறத்தோடு சண்டை போடும். பழநிப் பக்கம் போகிறவர்களுக்கு ஆயக்குடிக் கொய்யா இருக்கிறது, சொல்லவே வேண்டாம்.

கழுவி, தோலும் விதையும் எடுக்காமல் மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். துண்டுகள் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள், ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஒரு கரண்டியை இப்போதே சேர்த்தால் பெக்டின் நன்றாக இறங்கும். மிதமான தீயில் அரை மணி நேரம் வேகட்டும். மத்தால் கடையாதீர்கள், துண்டுகள் தானாகக் குழைந்தால் போதும்.

வெந்நீரில் அலசிய பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து, வடிகட்டி மேல் விரித்து, எல்லாவற்றையும் ஊற்றுங்கள். துணியை மூட்டையாகக் கட்டிக் குழாயிலோ கதவுக் கொக்கியிலோ தொங்கவிட்டுக் கீழே பாத்திரம் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். பிழியக்கூடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பிழிந்தால் இன்னும் கால் லிட்டர் வரும், உண்மைதான். ஆனால் கலங்கலாக வரும். கண்ணாடி போன்ற ஜெல்லி வேண்டுமென்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வடிய வேண்டும். வெயில் காலமாக இருந்தால் மூட்டையை வடிகட்டியில் வைத்துப் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

காலையில் 600 மில்லிக்கு மேல் வெளிர் மஞ்சளில் சாறு இருக்கும். துணியில் மிஞ்சிய சக்கையைச் சல்லடையில் தேய்த்து விதை நீக்கி, சர்க்கரை, நெய் போட்டுக் கிளறினால் அருமையான கொய்யா அல்வா. எங்கள் வீட்டில் ஜெல்லியைவிட அதற்குத்தான் கிராக்கி.

பெக்டின் போதுமா என்று பார்ப்பது

மனையியல் வகுப்புகளில் சொல்லித்தரும் பழைய சோதனை இது. ஒரு கிண்ணத்தில் ஆறிய கொய்யாச் சாறு ஒரு தேக்கரண்டி, அதன்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் மூன்று தேக்கரண்டி. மெல்லச் சாய்த்துக் கலந்து ஒரு நிமிடம் பொறுங்கள். சாறு ஒரே கட்டியாகத் திரண்டு, முள்கரண்டியால் தூக்கினால் எழுந்து வந்தால் பெக்டின் ஏராளம். இரண்டு மூன்று துண்டுகளாகத் திரண்டால் நடுத்தரம். சின்னச் சின்னத் துணுக்குகளாகச் சிதறினால் குறைவு. அப்படியானால் சாறு கால் பங்கு குறையும்வரை சுண்டவைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

ஒரு பங்கு சாற்றுக்கு, பெக்டின் ஏராளம் என்றால் சம அளவு சர்க்கரை, நடுத்தரம் என்றால் முக்கால் பங்கு, குறைவு என்றால் அரைப் பங்கு. இதுதான் பொது விதி. நான் மேலே சொன்ன 500 கிராம், நடுத்தரத்துக்குச் சற்று மேலான கொய்யாச் சாற்றுக்கு. ஸ்பிரிட் கலந்த சாறு விஷம், எனவே நாக்கில் வைக்காமல் உடனே கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிவிடுங்கள். அடுப்பு எரியும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பூச்சாறு

பூவைத் தட்டில் கொட்டிப் பத்து நிமிடம் விட்டால் எறும்பும் சிறு வண்டும் தானாக வெளியேறும். பிறகு அடியில் உள்ள பச்சைப் புல்லியைக் கிள்ளிவிட்டு, நீல இதழை மட்டும் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். 150 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகு இதழைப் போட்டு மூடுங்கள். பதினைந்து நிமிடத்தில் இதழ்கள் வெளிறி, தண்ணீர் பேனா மை போல் ஆகியிருக்கும். வடிகட்டினால் 100 மில்லிக்குக் கொஞ்சம் கூடவே வரும். இதைப் பிழிந்தால் தப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு கரண்டி நீலத்தைத் தனியே எடுத்து ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். விழுந்த இடத்தில் ஊதாப் புள்ளி தோன்றி, புகை மாதிரி சுழன்று முழுக்கப் பரவும். இன்னும் நாலு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் புளிப்புக்கு ஏற்ப மாறுவதுதான் காரணம். ஜெல்லிக்குப் புளிப்பு கட்டாயம் என்பதால் நீல நிற ஜெல்லி இந்த முறையில் வராது, கிடைப்பது ஊதா. படத்தில் பளிச்சென்ற நீல ஜெல்லியைக் கண்டால் அது பெரும்பாலும் கடல்பாசியில் செய்ததாக இருக்கும்.

காய்ச்சுவது

ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கொய்யாச் சாறு 600 மில்லியை அகலப் பாத்திரத்தில் ஊற்றிச் சூடாக்குங்கள். சர்க்கரையைச் சேர்த்துச் சிறு தீயில் முழுதாகக் கரையவிடுங்கள். கரையாமல் கொதித்தால் பிறகு கல்கண்டு போல நெருடும். மீதி எலுமிச்சைச் சாற்றை ஊற்றி, தீயைப் பெரிதாக்குங்கள். இனிமேல் கிண்ட வேண்டாம். மேலே வரும் நுரையைக் கரண்டியால் ஒதுக்கினால் போதும். பொங்கி மேலேறினால் மிளகளவு வெண்ணெய் போடுங்கள், அடங்கிவிடும்.

பூச்சாற்றை ஏன் முதலிலேயே சேர்க்கவில்லை? நீண்ட கொதியில் நிறம் மங்கும், அதுதான் காரணம். 12 முதல் 15 நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, கொதிக்கும் சத்தம் தடித்துக் கேட்கும். அப்போது நீலச் சாற்றை மெல்லிய தாரையாக விடுங்கள். பொன்னிறப் பாகில் நீலம் விழுந்த கணமே ஊதாவாகும். நான் எத்தனை தடவை செய்தாலும் அந்த அரை நிமிடம் வேறெங்கும் பார்ப்பதில்லை. அதன்பின் இன்னும் ஐந்தாறு நிமிடக் கொதி.

எப்போது இறக்குவது? தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். இது சென்னை, தூத்துக்குடிக்காரர்களுக்கு. ஊட்டி, கொடைக்கானலில் தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். அங்கே 105 வரை காத்திருந்தால் என்னுடைய கமர்கட்டுதான் கிடைக்கும். உங்கள் ஊரில் வெறும் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று அளந்து, அதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையா, கரண்டி போதும். பாகில் தோய்த்து, ஆவிக்கு விலகி, பக்கவாட்டில் சாயுங்கள். முதலில் தண்ணீர் போல ஒழுகும். பிறகு தனித்தனியாக இரண்டு சொட்டுத் தொங்கும். அந்த இரண்டு சொட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு தாளாகக் கரண்டி விளிம்பிலிருந்து நழுவி விழுந்தால் பதம் வந்துவிட்டது. சந்தேகமென்றால் அடுப்பை அணைத்துவிட்டு, ஃப்ரீசர் தட்டில் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் சரி. அடுப்பை அணைக்க மறக்காதீர்கள்; தட்டு குளிரும் ஒரு நிமிடத்தில் அடுப்பில் இருப்பது பதம் தப்பிவிடும்.

அளவை இரட்டிப்பாக்கி ஒரே பாத்திரத்தில் செய்ய ஆசை வரும். செய்யாதீர்கள். கொதிநேரம் நீண்டு பெக்டின் உடைந்துபோகும். இரண்டு தடவையாகச் செய்வதுதான் வழி.

பாட்டிலில் அடைப்பது

பாட்டில்களைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, ஜெல்லி இறங்கும் நேரத்தில் சூடாக வைத்திருங்கள். குளிர்ந்த கண்ணாடியில் சூடான பாகு பட்டால் விரிசல் விடும். வாயிலிருந்து அரை சென்டிமீட்டர் விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள். மாதக்கணக்கில் வைக்க நினைத்தால் மூடிய பாட்டில்களைக் கொதிநீரில் முழுக்க மூழ்கவைத்து இன்னொரு பத்து நிமிடம். அப்புறம் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள். இறுகிவிட்டதா என்று மணிக்கொரு தரம் சாய்த்துப் பார்த்தால் இறுகவே இறுகாது. திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், எடுக்கும் ஸ்பூன் ஈரமில்லாமல் இருக்கட்டும். பூஞ்சை கண்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

சரியாக வராவிட்டால்

இரண்டு நாளாகியும் தளதளவென்றே இருந்தால் மறுபடி அகலப் பாத்திரத்தில் ஊற்றி, ஒரு கரண்டி எலுமிச்சை சேர்த்து, பதம் வரும்வரை காய்ச்சலாம். நிறம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. மேலே தண்ணீர் கசிந்து நின்றால் புளிப்பு கூடிவிட்டது என்று பொருள். ரப்பர் மாதிரி இருந்தால் அதிகம் காய்ச்சிவிட்டீர்கள், அல்லது கொய்யா மிகவும் காயாக இருந்திருக்கிறது. சர்க்கரைக் கற்கள் தெரிந்தால் சரியாகக் கரையவில்லை, அல்லது புளிப்பு போதவில்லை. எந்த நிலையிலும் வீணாக்க வேண்டாம்: இறுகாத ஜெல்லியைக் குளிர்ந்த சோடாவில் இரண்டு கரண்டி கலந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வேறு பூக்கள், வேறு பாசி

உண்மையைச் சொன்னால் சங்குப்பூவுக்குச் சுவை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பச்சைப் பட்டாணியின் சாயல் லேசாக இருக்கும். நீங்கள் ருசிக்கப் போவது கொய்யாவையும் எலுமிச்சையையும்தான். சுவைக்கு நானாகச் சேர்ப்பது, பூச்சாறு ஊறும்போது நசுக்கிய ஓர் ஏலக்காய்.

ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தியில் இதே முறையில் செய்யலாம். நடுத்தண்டையும் பச்சைப் புல்லியையும் நீக்கிவிட்டு, 15 பூ. கொதிக்கவைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும் என்பதால் வெந்நீரில் ஐந்து நிமிடம் மட்டும் ஊறட்டும். எலுமிச்சை பட்டதும் மாணிக்கச் சிவப்பு வரும். ஆவாரம்பூவில் மஞ்சள் நன்றாக வரும், துவர்ப்பும் கூடவே வரும். எனக்குப் பிடிக்கவில்லை, பிடித்தவர்கள் உண்டு. இலுப்பைப்பூ தனி ரகம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பழமொழி சொல்லும் பூ, இனிப்பைக் கையோடு கொண்டு வருகிறது. விடியலில் தானே உதிரும், மரத்தடியில் துணி விரித்தால் மண் படாமல் பொறுக்கலாம். அதன் கனத்த மணம் கொய்யாவை அமுக்கிவிடும் என்பதால் அரைக் கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

கடல்பாசி முறை சுலபம். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் வீடுகளில் செய்வார்களே, அதே பாசிதான். அகர் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கிறார்கள். கடையில் வாங்கிய இழைப் பாசி 10 கிராமைக் கத்தரித்து, 600 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முழுதாகக் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். விருப்பப்பட்ட அளவு சர்க்கரை. 100 கிராமே போதும். இறக்கிய பிறகு பூச்சாற்றைக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். நீலம் நீலமாகவே இருக்கும். பாதிக்கு மட்டும் எலுமிச்சை சேர்த்தால் இரண்டு நிறம். எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது விடாதீர்கள். புளிப்போடு கொதித்தால் பாசியின் பிடிப்பு போய்விடும். ஃபிரிட்ஜ்கூட வேண்டாம், சென்னைச் சமையலறைச் சூட்டிலேயே ஆறி இறுகிவிடும். இது பாட்டிலில் அடைத்து வைக்கும் பண்டம் அல்ல, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஊதா ஜெல்லியை ரொட்டியில் தடவித்தான் சாப்பிட வேண்டும் என்றில்லை. சூடான ஆப்பத்தின் நடுவில் ஒரு ஸ்பூன் வைத்தால், அது இளகித் தேங்காய்ப்பாலோடு சேர்ந்து ஓரங்களில் வெளிர் ஊதாக் கோடுகளாக ஓடும்.